அனுபவம் எந்தக் கடையில் கிடைக்கும்?

புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் வழியாக விழுப்புரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இரண்டு வகை விளம்பரங்கள் மாறி மாறிக் கண்ணில் படும். ஒன்று, நர்சிங் கல்லூரிச் சேர்க்கை விளம்பரம். வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். கீழே "100 சதவீத வேலைவாய்ப்பு" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். மற்றது, மருத்துவமனைக்கு ஆள் தேவை என்ற அறிவிப்பு. "ஸ்டாஃப் நர்ஸ் தேவை. இரண்டு ஆண்டு அனுபவம் அவசியம்."

முதல் விளம்பரத்தை நம்பிப் படித்த பெண், நான்கு வருஷம் கழித்து இரண்டாவது விளம்பரத்தின் முன்னால் வந்து நிற்கிறாள். பட்டம் இருக்கிறது, கவுன்சில் பதிவு இருக்கிறது. அனுபவம் இல்லை. அந்த அனுபவம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்வதில்லை.

காலையில் கடற்கரைக்கு நடக்க வரும் என் வயது நண்பர்களிடம் இதைப் பேசினால் ஒரே பதில்தான் வருகிறது. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கஷ்டப்பட மனசில்லை சார். எடுத்தவுடனே அரசாங்க வேலை வேணும், இல்லேன்னா வெளிநாடு போகணும்." மன்னிக்க வேண்டும் நண்பர்களே. இது உண்மையில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இந்த "அனுபவம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுப் படிப்பு. வகுப்பறையில் உட்கார்ந்து புத்தகம் படித்து முடிக்கிற படிப்பல்ல அது. வாரத்தில் பல நாட்கள் வார்டில்தான் வாசம். காய்ச்சல் பார்ப்பது, ரத்த அழுத்தம் பார்த்துக் குறிப்பது, படுக்கை மாற்றுவது, ஊசி போடுவது, சிறுநீர்க் குழாய் வைப்பது, பிரசவ அறையில் நிற்பது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது எல்லாம் அதில் அடக்கம். 2021-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் கடைசிப் பருவமே வார்டுப் பயிற்சிக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. நம்மில் பலர் மருத்துவமனையில் படுத்திருந்தபோது நமக்கு மாத்திரை கொண்டு வந்து கொடுத்து, "தாத்தா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டது பெரும்பாலும் இந்தப் பிள்ளைகள்தான்.

ஆக, மாணவியாக இருக்கும்வரை அவள் செய்வது வேலை. தேர்வு எழுதி முடித்த மறுநாள் அவளுக்கு அனுபவமே கிடையாது. இது என்ன நியாயம்?

நியாயம் இல்லைதான், ஆனால் கணக்கு இருக்கிறது. ஆயுளில் பாதியை அரசு அலுவலகத்தில் கணக்கும் கோப்பும் பார்த்துக் கழித்தவன் என்பதால் எனக்கு இந்தக் கணக்கு சட்டென்று விளங்குகிறது. மருத்துவமனையும் நர்சிங் கல்லூரியும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கிற இடங்களைப் பாருங்கள். மாணவி கட்டணம் கட்டி வார்டுக்கு வருகிறாள். படித்து முடித்தவளோ சம்பளம் கேட்பாள். இவள் வெளியே போனால் அடுத்த வருஷத்து மாணவி அதே வார்டுக்கு வந்துவிடுவாள். அப்படியிருக்க, முடித்தவளை எதற்கு வேலைக்கு எடுக்க வேண்டும்? எடுத்தாலும் "உனக்குத்தான் அனுபவம் இல்லையே" என்று சொல்லிப் பத்தாயிரத்துக்கோ பன்னிரண்டாயிரத்துக்கோ எடுக்கலாம். எல்லா மருத்துவமனையும் இப்படி என்று நான் சொல்லவில்லை. நல்ல சம்பளம் கொடுத்து, புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வேலை வாங்குகிற இடங்களும் உண்டு. ஆனால் அனுபவம் என்ற சொல் பல இடங்களில் திறமையை அளக்கும் கோலாக இல்லை, சம்பளத்தைக் குறைக்கும் கத்தரியாகத்தான் இருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு பெண். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். பேங்கில் கல்விக் கடன் வாங்கிப் படிக்க வைத்தார். முதல் வகுப்பில் தேறினாள். எட்டு மாதம் அலைந்த பிறகு ஒரு சிறு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. இரவு ஷிஃப்டில் அவள் ஒருத்திதான் ஒரு மாடி முழுவதற்கும். சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். இரண்டு வருஷத்துக்குள் போனால் பணம் கட்ட வேண்டுமாம். ஒரு நாள் என்னிடம் ஒரு மனு எழுதித் தரச் சொல்லி வந்தாள். "தாத்தா, வேலையை விடணும்னு இல்ல. ஒரு அனுபவச் சான்றிதழ் மட்டும் அவங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாப் போதும்" என்றாள். அந்த ஒரு தாளுக்காக அவள் எதையும் பொறுத்துக்கொள்வாள் என்று அந்த நிர்வாகத்துக்குத் தெரிந்திருக்கிறது. பிடி அங்கேதான் இருக்கிறது.

அந்தத் தாளின் மதிப்பு எவ்வளவு என்று பாருங்கள். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு 2020 முதல் நார்செட் என்ற பொதுத் தேர்வு நடக்கிறது. ஜி.என்.எம். டிப்ளமோ படித்தவர்கள் அதை எழுத வேண்டுமானால், குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். 20 படுக்கை நர்சிங் ஹோமில் நாயாய் உழைத்தாலும் அது கணக்கில் வராது. வளைகுடா நாடுகளுக்குப் போக நினைத்தாலும் பெரும்பாலும் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். வேலை இல்லாமல் அனுபவம் இல்லை, அனுபவம் இல்லாமல் வேலை இல்லை. செக்குமாடு மாதிரி அந்தப் பெண் சுற்றிக்கொண்டிருக்கிறாள். எண்ணெய் வேறு யாருக்கோ போகிறது.

சரி, தனியார்தான் இப்படி, அரசாங்கம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். அங்கே நான் சொல்லக் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

காலிப் பணியிடம் என்பது வார்டில் ஆள் இல்லாத ஒரு இடம் என்று நீங்கள் நினைப்பீர்கள். அலுவலகத்தில் அது ஒரு கோப்பு. ஒரு செவிலியர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்தை நிரப்பக் குறிப்பு எழுதுகிறோம். நிதித்துறை "மேலும் விளக்கம் தேவை" என்று திருப்பி அனுப்பும். விளக்கம் போகும். சிக்கன நடவடிக்கை என்று ஒரு சுற்றறிக்கை வரும். ஆட்சி மாறும். நியமன விதிகளைத் திருத்த வேண்டும் என்பார்கள். அதற்குள் அந்தப் பணியிடம் சில ஆண்டுகள் காலியாகக் கிடந்துவிட்டால், "ஒழிக்கப்பட்டதாகக் கருதப்படும்" என்ற விதி வந்து நிற்கும். பிறகு அதை உயிர்ப்பிக்கத் தனிக் கோப்பு. நோயாளிக்கு நேரத்துக்கு மருந்து தரவில்லை என்றால் கேள்வி கேட்பார்கள். பணியிடத்தைச் சாக விட்டதற்கு யாரும் யாரையும் கேட்பதில்லை.

நிரப்பினாலும் எப்படி நிரப்புகிறார்கள்? ஒப்பந்தம், தொகுப்பூதியம். பக்கத்திலுள்ள தமிழ்நாட்டில் 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான செவிலியர்களை எடுத்தது. தேர்வில் தேறி வந்த அவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம்! நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் அவர்கள் தரையில் உட்கார்ந்து போராடியதை நாமெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். பிறகு தொகை உயர்ந்தது. ஆனாலும் பாருங்கள், ஏழாவது ஊதியக் குழுவின்படி மத்திய அரசு மருத்துவமனையில் நிரந்தர நர்சிங் அதிகாரியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். அதே ஊசி, அதே இரவு, அதே நோயாளி. ஒருத்திக்கு ஒரு சம்பளம், இன்னொருத்திக்கு அதில் ஒரு துண்டு.

இன்னொரு பக்கம், 2023 மத்திய பட்ஜெட்டில் நாடு முழுவதும் 157 புதிய நர்சிங் கல்லூரிகள் என்று அறிவித்தார்கள். நல்லதுதான். கல்லூரி கட்டுவது கண்ணுக்குத் தெரியும், திறப்பு விழா வைக்கலாம், கல்வெட்டில் பெயர் போடலாம். படித்து வருகிறவர்களுக்குப் பணியிடம் உருவாக்கினால் அதற்குக் கல்வெட்டு கிடையாது. மாதா மாதம் சம்பளம் வேறு கொடுத்தாக வேண்டும். அதே 2023-இல் 1947-ஆம் ஆண்டின் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாகத் தேசிய செவிலியர் ஆணையச் சட்டம் வந்தது. அது படிப்பின் தரத்தையும் பதிவேட்டையும் பற்றிய சட்டம். படித்தவளின் சம்பளத்தைப் பற்றிய சட்டம் இன்னும் வரவில்லை.

"நாட்டில் நர்ஸ் பற்றாக்குறை" என்று செய்தித்தாளில் படிக்கிறோம். அடுத்த பக்கத்திலேயே "வேலையில்லா நர்சிங் பட்டதாரிகள்" என்றும் படிக்கிறோம். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாகும்? ஆகும். வார்டில் ஆள் பற்றவில்லை என்பது உண்மை. ஆளுக்குச் சம்பளம் கொடுக்க யாரும் தயாரில்லை என்பதும் உண்மை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர், விடுப்புக்கு ஈடாக மேலும் 30 சதவீதம் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. நீங்கள் கடைசியாகப் படுத்திருந்த வார்டை நினைத்துப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மணியடித்தபோது எத்தனை பேர் இருந்தார்கள்? இந்த அளவை ஒழுங்காகக் கடைப்பிடித்தால், வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேராவது நாளைக்கே வார்டில் இருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். 

"புதுசா வந்த பெண்ணை நம்பி நோயாளியை ஒப்படைக்க முடியுமா? உயிர் விஷயம் ஆச்சே!" இது நியாயமான கேள்வி. பதிலும் இருக்கிறது. நான் பிரெஞ்சு வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவன். எழுத்தர் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கு ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதக்கூடத் தடுமாற்றம்தான். "இரண்டு வருஷ அனுபவத்தோடு வா" என்று யாரும் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. தகுதிகாண் பருவம் என்று வைத்து, முதல் மாதத்திலிருந்தே முழுச் சம்பளம் கொடுத்து, தலைமை எழுத்தர் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பிரெஞ்சு நிர்வாகத்திலும் இதே முறைதான். புதிதாக அரசுப் பணிக்கு வருகிறவர் முதலில் "ஸ்தாழியேர்". சம்பளம் வாங்கிக்கொண்டே வேலை பழகுவார். காலம் முடிந்து திருப்தியாக இருந்தால் "தித்துலேர்", அதாவது நிரந்தரம். அனுபவத்தைக் கொண்டு வா என்று கேட்கவில்லை, அனுபவத்தை அவர்களே கொடுத்தார்கள். கோப்பைப் புரட்டும் எனக்கே அப்படி என்றால், உயிரைக் காக்கும் பெண்ணுக்கு அதைவிட அதிகமாக அல்லவா செய்ய வேண்டும்? ஆறு மாதமோ ஒரு வருஷமோ மூத்த செவிலியரின் கண்காணிப்பில், நியாயமான சம்பளத்தில், எழுத்தில் நியமன ஆணையோடு வைத்துக்கொள்ளட்டும். உயிர் விஷயம் என்று உண்மையிலேயே கவலைப்படுகிறவர்கள் அதைத்தான் செய்வார்கள். புதியவளை ஒரு மாடிக்குத் தனியாக இரவில் நிறுத்துகிறவர்கள் உயிரைப் பற்றிப் பேசக் கூடாது.

"சின்ன மருத்துவமனைகள் எங்கே போகும் சம்பளத்துக்கு?" இதற்கும் பதில் எழுதி வைத்தாயிற்று. செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதன் பேரில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு படுக்கை எண்ணிக்கைக்கு ஏற்ப அளவு வகுத்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனையில் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம். 100-க்கு மேல் என்றால் அதில் 10 சதவீதம் குறையலாம். 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதம் குறையலாம். எவ்வளவு சின்ன மருத்துவமனையாக இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. சின்னவருக்குச் சலுகை கொடுத்துத்தான் அந்தப் பரிந்துரையே இருக்கிறது. அந்த 20,000 என்ன பெரிய தொகையா? கீழ்நிலை எழுத்தரின் இன்றைய தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900.

கேரளத்தில் செவிலியர்கள் சும்மா இருக்கவில்லை. 2012-லும் 2017-லும் தெருவில் இறங்கினார்கள். 2018 ஏப்ரலில் அந்த அரசு தனியார் மருத்துவமனைச் செவிலியருக்குக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 20,000 என்று அறிவிக்கை போட்டது. நம் மாஹியைப் பாருங்கள். பாலத்தைத் தாண்டினால் நியூ மாஹி, கேரளம். அந்த அறிவிக்கை பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஆறு ஒன்று, மொழி ஒன்று, நோய் ஒன்று. சட்டம் மட்டும் நடுப்பாலத்தில் முடிந்துவிடுகிறது. அதை இந்தப் பக்கம் கொண்டு வர நம் சட்டசபையில் எத்தனை பேர் எழுந்து பேசினார்கள்?

"இது சேவை சார். பணத்தைப் பார்க்கக் கூடாது." இந்த வாதம்தான் எனக்கு ரொம்பக் கோபம் மூட்டுவது. மே 12-ஆம் தேதி செவிலியர் தினத்தன்று மெழுகுவர்த்தி ஏற்றி, "வெண்ணிற தேவதைகள்" என்று பேசுவார்கள். தேவதைக்கு வீட்டு வாடகை கிடையாது, கல்விக் கடன் தவணையும் கிடையாது. எங்கள் சின்ன வயதில் க்ளூனி கன்னியர்கள் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறோம். அது சேவைதான், வணங்குகிறேன். ஆனால் அவர்களுக்கு மடம் சோறு போட்டது, கூரை கொடுத்தது, முதுமையில் பார்த்துக்கொண்டது. ஆட்டோக்காரர் மகளுக்கு எந்த மடம் இருக்கிறது? சேவை என்று சொல்லிக் கூலியைக் குறைக்கிற நிர்வாகம், நோயாளிக்குப் பில் போடும்போது சேவை என்று சொல்லிக் குறைத்ததை நான் பார்த்ததில்லை.

"பேசாமல் பிரான்சுக்குப் போகட்டுமே, நம் ஊரில்தான் பிரெஞ்சு இருக்கிறதே" என்று ஒரு நண்பர் சொன்னார். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நம்மிடையே இருப்பதால் வந்த பேச்சு. அங்கே செவிலியராக அந்நாட்டு அரசுப் பட்டயம் வேண்டும். நம் பட்டத்தை அப்படியே ஏற்பதில்லை, அங்குள்ள பயிற்சி நிலையத்தில் திரும்பப் படிக்க வேண்டும். தவிர, நம் பணத்தில், நம் வார்டில் பழகிய பிள்ளையை வெளியே துரத்திவிட்டு, நம்மை யார் பார்த்துக்கொள்வது?

இங்கேதான் இது நம் பிரச்சினையாகிறது. நமக்கு எழுபது தாண்டிவிட்டது. இனி நாம் மருத்துவமனைக்குப் போவது பார்வையாளராக அல்ல. நம் பிள்ளைகள் கனடாவிலோ பாரிஸிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். கடைசி நாட்களில் நம் கையைப் பிடித்து நாடி பார்க்கப் போவது இன்று வேலை கேட்டு அலையும் இந்தப் பெண்தான். மூன்று பேர் வேலையை ஒருத்தியாகச் செய்து, தூக்கமில்லாமல், வாங்கிய கடனை நினைத்துக்கொண்டு நிற்கிறவள் நம் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டால், குற்றம் அவள் தலையில் விழும். விளைவு நம் தலையில்.

என்ன செய்யலாம்? ஓய்வூதியர்களான நம்மிடம் நேரம் இருக்கிறது, கோப்பு மொழியும் தெரியும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு. சுகாதாரத் துறைக்கு இந்தக் கேள்விகளை எழுதுங்கள்: அனுமதிக்கப்பட்ட செவிலியர் பணியிடங்கள் எத்தனை? நிரப்பப்பட்டவை எத்தனை? ஒப்பந்தத்தில் எத்தனை பேர், என்ன ஊதியத்தில்? கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒழிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட பணியிடங்கள் எத்தனை? மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டம் 2010-ஐச் சேர்ந்தது. யூனியன் பிரதேசமான நமக்கும் அது பொருந்தும். குறைந்தபட்ச ஊழியர் இருக்க வேண்டும் என்பது பதிவுக்கு நிபந்தனை. அதை எந்த அதிகாரி, எந்தத் தேதியில் போய்ச் சரிபார்த்தார் என்றும் கேளுங்கள். பொத்தாம் பொதுவாகக் கேட்டால் பொத்தாம் பொதுவாகப் பதில் வரும். எண்ணும் தேதியும் கேட்டால் கோப்பை எடுத்தே ஆக வேண்டும். இதை அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்.

பேத்தியை நர்சிங்கில் சேர்க்கப் போகிறவர்கள், "100 சதவீத வேலைவாய்ப்பு" என்ற விளம்பரத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். போன வருஷம் முடித்தவர்களில் எத்தனை பேரை உங்கள் சொந்த மருத்துவமனையில் வேலைக்கு எடுத்தீர்கள், என்ன சம்பளத்தில் என்று நேருக்கு நேர் கேளுங்கள். தான் படிக்க வைத்த பெண்ணைத் தானே வேலைக்கு எடுக்கத் தயங்குகிற இடத்தில் எதற்குப் பணம் கட்ட வேண்டும்?

வார்டில் படுத்திருக்கும்போது, "சிஸ்டர், ராத்திரி நீங்க எத்தனை பேர்?" என்று கேளுங்கள். பதிலை ஒரு தாளில் எழுதி, வீட்டுக்குப் போகும்போது நிர்வாகத்திடம் புகாராகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அவள் பெயரை மட்டும் அதில் எழுதாதீர்கள். அவளுடைய அனுபவச் சான்றிதழ் இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.